பரங்கிக்காயும் நாயின் வயிறும்

ஆரோவில் குடியிருப்புகளிலும், குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பம், பொம்மையார்பாளையம் தொடங்கி வடக்கே மரக்காணம் உப்பளம் வரையுள்ள ஊர்களிலும் நாய் வளர்ப்போருக்கும், தெருநாய்களுக்குச் சோறு வைப்போருக்கும்:



வேகவைத்த பரங்கிக்காய், அளவோடு கொடுத்தால், நாயின் குடலுக்கு நல்லது. மலம் இறுகிப்போன நாய்க்கும், லேசாகப் பேதியாகும் நாய்க்கும் அது உதவும். உடம்பு பெருத்த நாய்க்குச் சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தை நிரப்பவும் பயன்படும். இதற்கு மேல் அதன்மேல் ஏற்றிச் சொல்லப்படும் பெருமைகளில் பல நிற்கமாட்டா. பரங்கிக்காய் குடற்புழுவைக் கொல்லாது, காய்ச்சலைத் தணிக்காது, முட்டை, மீன், கறி இவற்றுக்கு ஈடாகாது. செம்மண் மேட்டிலும் மணற்கரையிலும் வாழும் நாய்க்குப் பேதியாகும்போது காரணம் வேறெங்கோ இருக்கலாம் என்பதால், இந்தக் காய் எங்கே உதவும், எங்கே உதவாது என்று பிரித்து அறிவது இங்கே கூடுதலாகவே தேவைப்படுகிறது.

இங்கே பேசப்படுவது மஞ்சள் சதையுள்ள பரங்கி. கொங்கு நாட்டில் இதையே அரசாணிக்காய் என்பார்கள். சென்னைக் கடைகளில் மஞ்சள் பூசணி. சாம்பல் பூத்த வெண்பூசணி வேறு இனம். அது நாய்க்கு நஞ்சல்ல; ஆனால் நூற்றுக்கு 96 பங்கு தண்ணீர், கரோட்டின் அநேகமாக இல்லை. பரங்கியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். ஐரோப்பியர் கப்பல்கள் வந்த பிறகே அது இந்தியாவில் பரவியது. இன்றைக்குப் பொங்கல் குழம்பில் அது இல்லாமல் முடியாது என்ற அளவுக்குச் சொந்தமாகிவிட்டது.

பச்சைப் பரங்கியின் 100 கிராம் சதையில் ஏறத்தாழ 91 கிராம் தண்ணீர், 26 கிலோகலோரி, ஒரு கிராம் புரதம், 340 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் அது 20 கிலோகலோரியாகவும் நார்ச்சத்து சுமார் 1.1 கிராமாகவும் நிற்கும். அமெரிக்காவில் டின்களில் விற்கும் பரங்கி மசியலில் அதே 100 கிராமுக்கு 2.9 கிராம் நார்ச்சத்து. தண்ணீர் வற்றச் சமைத்துக் கெட்டியாக்கி அடைப்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். "நாய்க்கு இத்தனை கரண்டி பரங்கி" என்று உலகெங்கும் சுற்றிவரும் கணக்கு பெரும்பாலும் அந்த டின்னை வைத்துப் போட்டது. குயிலாப்பாளையம் கடையில் கீற்றாக வாங்கி வேகவைத்த காய்க்கு அதே கரண்டிக் கணக்கைப் பொருத்தினால் நாய்க்குப் போய்ச் சேரும் நார் பாதிக்கும் குறைவு. பரங்கி கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இதற்காக டின் வாங்க வேண்டியதில்லை. மசித்த காயை அகலமான வாணலியில், எண்ணெய் இல்லாமல், எடை பாதியாகும் வரை மெல்லிய தீயில் கிளறினால் வீட்டிலேயே அதற்குக் கிட்டத்தட்ட ஒத்த கெட்டி மசியல் கிடைத்துவிடும்.

நார்ச்சத்து நாயின் சிறுகுடலில் செரிப்பதில்லை. பெருங்குடலுக்குப் போன பிறகு அதில் ஒரு பகுதி தண்ணீரை இழுத்துக் குழம்பு போலாகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றில் ஒன்றான பியூட்டிரேட் பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு நேரடி உணவு. கரையாத இன்னொரு பகுதி மலத்துக்குப் பருமன் தருகிறது. ஒரே காய் மலச்சிக்கலுக்கும் பேதிக்கும் சொல்லப்படுவது முதலில் முரணாகத் தோன்றும். வறண்ட மலத்தில் அது ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. நீர்த்த மலத்தில் மிகையான நீரை உறிஞ்சி உருவம் கொடுக்கிறது. இரண்டு இடத்திலும் வேலை ஒன்றே. ஆசனவாயின் இருபுறமும் உள்ள நாற்றச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டு தரையில் பின்புறத்தைத் தேய்த்து நகரும் நாய்க்கும் பரங்கி கொடுக்கச் சொல்வதுண்டு. பருமனான மலம் வெளியேறும்போது சுரப்பிகளை அழுத்திக் காலியாக்கும் என்பது அதன் தர்க்கம். தர்க்கம் சரிதான், ஆதாரம் மெலிந்தது. வீங்கிச் சீழ் பிடித்த சுரப்பியைப் பரங்கியால் சரிசெய்ய முடியாது.

சதையின் மஞ்சளுக்குக் காரணமான பீட்டா கரோட்டினை நாயின் உடல் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும். பூனையால் அது முடியாது. ஆகவே ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால், பரங்கியின் இந்தப் பயன் நாய்க்கு மட்டுமே. மாவுச்சத்தைச் செரிக்கவும் நாய் ஓநாயைவிடத் தேர்ந்தது. உப்சாலா பல்கலைக்கழகத்தின் எரிக் ஆக்செல்சன் குழு 2013-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளாகவும், நாயிடம் 4 முதல் 30 வரையிலும் இருக்கிறது. மனிதன் தின்று மீந்ததைத் தின்று பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்ததன் அடையாளம் அது. பழஞ்சோறும் கூழும் குடித்து வளர்ந்த நாட்டு நாய்க்குப் பரங்கி ஒவ்வாத தீனி அல்ல.

எவ்வளவு கொடுக்கலாம் என்பதில்தான் குழப்பம் மிகுதி. தின்பண்டம், கூடுதல் தீனி எல்லாம் சேர்ந்து ஒரு நாளைய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. 15 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த நாட்டு நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கிலோகலோரி வேண்டும். பத்தில் ஒன்று 85. வேகவைத்த பரங்கியில் அது 400 கிராமுக்கும் மேல் வரும். அதை ஒரே நாளில் தின்ற நாய் மறுநாள் முழுக்க வெளியே ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே இந்தக் காய்க்குக் கலோரி விதி உதவாது. குடல் எவ்வளவு தாங்குகிறது என்பதே அளவு. சிறிய நாய்க்கு ஒரு மேசைக்கரண்டி, நடுத்தர நாய்க்கு இரண்டு மூன்று, ராஜபாளையம் போன்ற பெரிய நாய்க்கு நான்கு என்பது தொடக்கத்துக்குப் போதும். கெட்டி மசியலானால் இந்த அளவு. வேகவைத்து அப்படியே மசித்ததானால் இதைப்போல் இரு மடங்கு. முதல் நாள் ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, இரண்டு நாள் மலத்தைப் பார்த்து, பிறகு கூட்ட வேண்டும். மலம் ஆரஞ்சு நிறமாக வந்தால் கவலை வேண்டாம். வாயு மிகுந்து வயிறு உப்பினால், அல்லது மலம் இளகினால், அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். நாள்தோறும் மிகுதியாகக் கொடுத்தால் நார்ச்சத்து கனிமங்கள் உடம்பில் சேர்வதையும் குறைக்கும்.

இந்த அளவில் போகும் நார் உண்மையில் மிகச் சிறிது: மூன்று மேசைக்கரண்டி வேகவைத்த காயில் அரை கிராம், கெட்டி மசியலில் ஒரு கிராமுக்குச் சற்று மேல். லேசான கோளாறுக்கு அது போதும். நாட்பட்ட பெருங்குடல் பேதிக்கு நார் வேண்டுமென்றால் கால்நடை மருத்துவர்கள் கைநீட்டுவது இசப்கோலுக்கு. குஜராத்தில் விளைந்து எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் அந்த உமியில் ஒவ்வொரு கிராமிலும் முக்கால் கிராமுக்குக் குறையாமல் நார் இருக்கிறது. காரணம் பிடிபடாத நாட்பட்ட பெருங்குடல் பேதி கண்ட 37 நாய்களுக்கு, எளிதில் செரிக்கும் தீனியோடு கரையும் நாரையும் சேர்த்துக் கொடுத்த அனுபவம் 2000-இல் ஒரு கால்நடை மருத்துவ ஆய்விதழில் பதிவாயிற்று. பெரும்பாலான நாய்களுக்குக் குணம் தெரிந்தது. அங்கே பயன்பட்டது இசப்கோல் வகை நார், பரங்கி அல்ல. பரங்கியின் பெருமைக்கு மேற்கோள் காட்டுவோர் இதைக் கவனிப்பதில்லை. இசப்கோலைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்துத்தான் கொடுக்க வேண்டும். உலர்ந்த உமி தொண்டையிலோ குடலிலோ ஊதி அடைத்துக்கொள்ளும்.

சமைக்கும் முறை எளிது. தோலைச் சீவி, நடுவிலுள்ள நாரையும் விதையையும் வழித்தெடுத்து, துண்டுகளாக்கி இட்லிப் பானையில் ஆவியில் வேகவைக்கலாம். குக்கரில் என்றால் இரண்டு விசில். உப்பு, மஞ்சள்தூள், எண்ணெய், தாளிப்பு எதுவும் கூடாது. மசித்து, ஆறியபின் சோற்றோடு பிசைந்து வைக்க வேண்டும். பச்சைக் காயைத் துண்டாகக் கடிக்கக் கொடுத்தால் செரிக்காமல் அப்படியே வெளிவரும். விழுங்கும் அவசரத்தில் தொண்டையில் சிக்கவும் கூடும்.

வீட்டிலும் பொதுச் சமையற்கூடங்களிலும் மீந்த பரங்கிப் பண்டங்களை நாய்க்குப் போடுவதுதான் நல்ல காயைக் கெடுக்கும் வழி. சாம்பாரிலும் கூட்டிலும் வெங்காயமும் பூண்டும் இருக்கும். அவை நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 கிராமைத் தாண்டிய வெங்காயம் இரத்தச்சோகை வரவழைக்கப் போதும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சிறிது சிறிதாக நாள்தோறும் போனாலும் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆரோவில் உணவகங்களின் பரங்கி சூப்புக்கும் இதே தடை. பரங்கி பாயசத்தில் உலர் திராட்சை. அது சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும். பரங்கி பை, கேக் என்றால் ஜாதிக்காயும் சர்க்கரையும், சில வேளை சாக்லேட்டும். இனிப்புக்குச் சைலிட்டால் சேர்த்திருந்தால் அது உயிருக்கே ஆபத்து. நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் இடங்களில், தாளிப்பதற்கு முன்பே ஒரு கிண்ணம் வெந்த துண்டுகளைத் தனியே எடுத்துவைக்கச் சொல்லிக் கேட்பதே நல்லது.

கசக்கும் பரங்கியை யாருக்கும் கொடுக்கக் கூடாது. வெள்ளரிக் குடும்பத்துக் காய்களில் சில வேளை குக்கர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சு மிகுந்துவிடும். கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடித்து மனிதர்கள் மருத்துவமனையில் சேர்ந்த செய்திகள் இந்தியாவில் வந்ததுண்டு. மனிதர் நாக்கில் ஒரு துணுக்கை வைத்துப் பார்த்துவிட்டு நாய்க்கு வைப்பது நல்ல பழக்கம். ஆயுத பூசையன்றும் அமாவாசையிலும் சாலையில் உடைபடும் திருஷ்டிப் பூசணிக்கு நாயை நெருங்கவிடக் கூடாது. அது வெண்பூசணி என்பது ஒருபுறம் இருக்க, உள்ளே சில்லறைக் காசு, குங்குமம், சுண்ணாம்பு, மேலே கற்பூரம். கற்பூரம் நாய்க்கு நஞ்சு, காசு குடலை அடைக்கும். உடைத்தவர்களே ஓரமாக வாரிப்போட்டால் இருசக்கர வாகனக்காரர்களும் வாழ்த்துவார்கள்.

இனி, எந்தப் பேதிக்குப் பரங்கி, எதற்கு மருத்துவர் என்பது. நாய் துள்ளலாக இருக்கிறது, தின்கிறது, வாந்தி இல்லை; அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக, சளி கலந்து இளகலாகப் போகிறது. தெருவில் எதையோ தின்ற மறுநாள் இப்படி ஆவதுண்டு. இது பெருங்குடல் சார்ந்தது. ஒரு வேளை பட்டினி போட்டு, பிறகு குழைந்த சோறு, தோலில்லாத வெந்த கோழி, அதில் பரங்கி மசியல் என்று ஓரிரு நாள் கொடுத்துப் பார்க்கலாம். குட்டிக்கும் மெலிந்த கிழட்டு நாய்க்கும் பட்டினி போடக் கூடாது. மாறாக, அளவில் பெரிதாக, தண்ணீராகப் போய், எடையும் இறங்குகிறதென்றால் கோளாறு சிறுகுடலில். அங்கே நார் பெரிதாக உதவாது. இரண்டு நாளைத் தாண்டிய எந்தப் பேதியையும் பரங்கியை நம்பி நீட்டக் கூடாது.

இந்த மண்ணில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கொக்கிப்புழு. அதன் முட்டை நாயின் மலத்தோடு விழுந்து, சூடும் ஈரமும் உள்ள மணற்பாங்கான தரையில் பொரிந்து, ஒரு வாரத்துக்குள் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். மழை பெய்து நிழல் விழுந்த செம்மண்ணும் கடற்கரை மணலும் அதற்கு மிகத் தோதான இடம். நாயின் பாதத் தோல் வழியாகவோ வாய் வழியாகவோ உள்ளே போகும். தாய்ப்பால் வழியாகக் குட்டிக்கும் போகும். குடலில் கொக்கிபோல் பற்றிக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஈறு வெளுத்து, மலம் தார்போல் கறுத்து, குட்டி சுருண்டுவிடும். வெறுங்காலோடு நடப்பது வழக்கமாகிவிட்ட ஆரோவில் பாதைகளில் இது மனிதருக்கும் வேண்டாத விருந்தாளி. புழுவின் இளம் பருவம் மனிதத் தோலுக்குள் புகுந்தால் அரிக்கும் கோடாக வளைந்து வளைந்து ஊரும். இலங்கையின் பழைய பெயரான சிலோனைத் தன் பெயரில் தாங்கிய ஒரு வகை, மனிதக் குடலிலேயே முழுதாக வளரவும் வல்லது.

பரங்கி விதைக்கு வருவோம். அதிலுள்ள குக்கர்பிட்டின் என்ற பொருள் நாடாப்புழுவை மயக்கும் என்பது பழைய நாட்டு வைத்தியம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அதை நீட்டி, "விதையை அரைத்துக் கொடுத்தால் ஊசி மாத்திரை எதுவும் வேண்டாம்" என்பது குட்டியின் உயிரை வைத்து ஆடும் ஆட்டம். கொக்கிப்புழுவுக்கு பைரான்டெல், ஃபென்பெண்டசோல் போன்ற மருந்துகள், நாடாப்புழுவுக்கு பிராசிகுவான்டெல். குட்டி பிறந்த இரண்டாம் வாரத்தில் தொடங்கி எட்டாம் வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதன் பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடைக்கேற்பக் கொடுக்க வேண்டும். நாடாப்புழுவைத் தெள்ளுப்பூச்சி சுமந்து வருவதால் தெள்ளை ஒழிக்காமல் மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை. விதையில் பாதிக்குப் பாதி கொழுப்பு. உப்பில்லாமல் வறுத்து, பொடித்து, ஒரு சிட்டிகை தூவினால் கெடுதல் இல்லை. கைப்பிடியாகத் தோலோடு போட்டால் கணையத்துக்கும் குடலுக்கும் தொந்தரவு.

தடுப்பூசி போடாத, ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டி வாந்தியெடுத்து, நாற்றமடிக்கும் இரத்தப் பேதியோடு படுத்துவிட்டால் அது பார்வோ வைரஸாக இருக்கக்கூடும். அந்தக் குட்டிக்குப் பரங்கியோ வேறு எதுவோ வாயில் ஊட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மணியும் இழப்பு. டிரிப்ஸ் ஏற்றினால்தான் பிழைக்கும். அந்த வைரஸ் வாசல் மண்ணில் பல மாதம் கிடக்கும் என்பதால், ஒரு குட்டி இறந்த வீட்டில் அடுத்த குட்டியைத் தடுப்பூசி முடியாமல் விடக் கூடாது. உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா காய்ச்சலிலும் நாய் தீனி மறுக்கும், ஈறு வெளுக்கும், மூக்கில் இரத்தம் வரும், மலம் கறுக்கும். வயிற்றுக் கோளாறு என்று எண்ணிப் பத்தியம் வைப்பவர்கள் உண்டு. இரத்தப் பரிசோதனையும் நான்கு வாரம் டாக்சிசைக்ளினும் தேவைப்படும் நோய் அது. புதுச்சேரி குருமாம்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இந்தச் சுற்றுவட்டாரத்துக்கு எட்டும் தொலைவில் இருப்பது ஒரு கொடுப்பினை.

மலச்சிக்கலிலும் இதே எச்சரிக்கை உண்டு. பிரியாணிக் கடை எலும்பைத் தின்ற நாய்க்கு மலம் சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்து இறுகும். அப்போது பரங்கியும் தாராளமான தண்ணீரும் கொடுத்துப் பார்க்கலாம். இரண்டு மூன்று நாள் எதுவும் வரவில்லை, முக்குகிறது, வாந்தி எடுக்கிறது என்றால் எலும்பு குடலில் குத்தி நிற்கலாம். முக்குவதெல்லாம் மலத்துக்காகவும் அல்ல. வயதான ஆண் நாய்க்குப் புராஸ்டேட் வீக்கமோ சிறுநீர் அடைப்போ காரணமாக இருக்கலாம்.

உடல் பெருத்த லாப்ரடாருக்குப் பரங்கி நல்ல துணை. சோற்றில் ஒரு பிடியைக் குறைத்து அந்த இடத்தில் மசியல் வைத்தால் தட்டு நிறைந்திருக்கும், கலோரி குறையும். ஒரு பிடி சோற்றுக்கு உள்ள கலோரியில் ஆறில் ஒரு பங்குதான் அதே எடைப் பரங்கியில். அதே காரணத்துக்காகவே குட்டி போட்டுப் பால் கொடுக்கும் தெருநாய்க்கு அது ஆகாது. விலா எலும்பு தெரிய நிற்கும் தாயின் வயிற்றைத் தண்ணீர்க் காயால் நிரப்பிவிட்டால், அவளுக்கு வேண்டிய கொழுப்புக்கும் புரதத்துக்கும் இடமிருக்காது. சிறுநீரகம் பழுதான நாய்க்குப் பொட்டாசியம் கருதியும், நீரிழிவு நாய்க்கு இன்சுலின் அளவு கருதியும் மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும்.

சைவ உணவுப் பழக்கம் பரவலாக உள்ள ஆரோவில்லில் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. சோறும் பரங்கியும் மட்டும் நாய்க்கு முழு உணவாகாது. 15 கிலோ நாய் நாளொன்றுக்கு அரைக் கிலோ சோறு தின்றால் சுமார் 650 கிலோகலோரி கிடைக்கும்; புரதமோ 13, 14 கிராம்தான். பரங்கி அதில் ஒரு கிராம்கூடச் சேர்க்காது. வயதுவந்த அந்த நாய்க்குக் குறைந்தபட்சமே 20 கிராமுக்கு மேல் வேண்டும். நிறைவாக என்றால் 35-ஐத் தாண்ட வேண்டும். இரண்டு முட்டை 12 கிராம், 100 கிராம் வெந்த கோழி 27 கிராம் தந்துவிடும். பொம்மையார்பாளையம் கரையில் மலிவாகக் கிடைக்கும் பச்சை நெத்திலியை வேகவைத்து முள்ளோடு மசித்தால் புரதத்தோடு சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். வளர்ப்பவரின் கொள்கை மதிக்கத்தக்கது. நாய் அந்தக் கொள்கையில் கையெழுத்திடவில்லை. கறி மீன் தொடாதவர் முட்டையோ, அதுவும் கூடாதென்றால் மருத்துவர் வகுத்துத் தந்த முழுமையான தீனியோ தேட வேண்டும்.

ஆரோவில்லிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வடக்கே மரக்காணம் உப்பளங்கள். தை, மாசியில் தொடங்கி மழைக்கு முன்பு வரை பாத்திகளில் உப்பு விளையும் காலத்தில் அங்கே சுற்றும் நாய்க்கு நல்ல தண்ணீர் அரிது. பாத்தி நீரை நக்கும்; மீனவர் குப்பத்தில் கருவாட்டுத் தலையும் தின்னும். உடல் எடையில் கிலோவுக்கு 2, 3 கிராம் உப்பு போனாலே நாய்க்கு வாந்தியும் தள்ளாட்டமும் வரும். 4 கிராம் உயிரைப் பறிக்கும். 15 கிலோ நாய்க்கு இது ஒரு சிறு கைப்பிடி உப்பு. குடிக்க நல்ல தண்ணீர் இருந்தால் ஆரோக்கியமான நாய் ஓரளவு உப்பைச் சமாளித்துவிடும். ஆகவே அந்தப் பக்கம் பரங்கிக்கு முன்னால் வைக்க வேண்டியது நிழலில் ஒரு தொட்டித் தண்ணீர். நார் உறிஞ்சும் தண்ணீர் எங்கிருந்தாவது வர வேண்டும்; தண்ணீர் இல்லாத நாய்க்கு நாரைக் கூட்டினால் சிக்கல் இறுகவே செய்யும். கருவாட்டை நாய்க்குக் கொடுப்பதானால் இரண்டு முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்து உப்பை இறக்கிவிட்டுக் கொடுக்கலாம்.

தெருநாய்க்கு எங்கே வைப்பது என்பதற்கும் சட்டம் உண்டு. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், சிறுவர் விளையாடும் இடம், படிக்கட்டு, வாசல் ஆகியவற்றிலிருந்து விலகிய இடத்தில் உணவிடச் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், கண்ட கண்ட தெருவில் உணவிடக் கூடாது, உள்ளாட்சிகள் அதற்கென இடம் ஒதுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. பரங்கி கலந்த சோறு சீக்கிரமே புளித்து ஈ மொய்க்கும். மீந்ததை வாரி எடுக்கும் பொறுப்பும் வைத்தவருடையதே. கருத்தடையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் இல்லாமல் சோறு மட்டும் வைப்பது கூட்டத்தைப் பெருக்கும்.

காய் கிடைப்பதில் இங்கே சிரமமில்லை. ஆனி ஆடியிலும் மார்கழி தையிலும் விதைக்கலாம். எருக்குழி ஓரத்தில் விழுந்த விதை தானாகவே படரும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் ஏழு எட்டுக் கிலோ காய்க்கும், 175 நாள் ஆகும். கோ 2 ஒன்றரை, இரண்டு கிலோ காயை 135 நாளில் தரும். ஒரு நாய் உள்ள வீட்டுக்கு கோ 2 போதும். மார்கழிக் கோலத்துக்குப் பூப்பறிக்கும்போது அடியில் பிஞ்சு இல்லாத ஆண் பூவாகப் பறித்தால் காய்ப்பு கெடாது. தேனீக்கும் சில ஆண் பூக்களை விட்டுவைக்க வேண்டும். 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரைகடந்த ஃபெஞ்சல் புயல் கொட்டியது போன்ற மழையில் தரையில் கிடக்கும் காய் அழுகிவிடும். ஐப்பசிக்கு முன்பே முற்றிய காயைக் காம்போடு பறித்து, தரைபடாமல் பரணில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் கெடாது. ஐந்து கிலோ காயில் தோல், விதை, நார் போக மூன்றரைக் கிலோ தேறும். 20 தெருநாய்களுக்கு ஆளுக்கு மூன்று மேசைக்கரண்டி என்றால் அது நான்கு நாளுக்குக் காணும். வெட்டிய காயும் மசியலும் குளிர்பெட்டியில் நான்கு நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைக்கலாம். ஒரு குழி ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி; கொடுக்கும் முன் உருகவிட்டு, சோற்றில் பிசைந்து வைக்க வேண்டும்.